யாரும் தூக்காமல் வல்லத்திராக்கோட்டை வரை

பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு இறங்குவதைப் பற்றித்தான் பயம். இறங்கிவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறுவதைப் பற்றி. நடுவில் உட்கார்ந்திருக்கிற நேரமாவது நிம்மதியாக இருக்கலாமே என்பீர்கள். அப்போது ஒன்றுக்கு வந்துவிடுமோ என்று பயம். அதனால் கீரனூரில் கிளம்பிய அன்று காலையிலிருந்து வாயில் சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை. இட்லியை மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்றுவிட்டு விக்கலோடுதான் வீட்டைப் பூட்டினேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் சிங்கப்பூர். அங்கே என் ஒரே மகள் தேன்மொழிக்குக் கார்த்திகையில் தலைப்பிரசவம். பிரசவத்துக்கு நான் போக வேண்டும். ஆனால் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் கால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து அடுப்படி வரை போவேன், அவ்வளவுதான். அதற்காகத்தான் தேன்மொழி ஊருக்கு வந்த ஒரு சிநேகிதி மூலம் பேட்டரி வண்டி ஒன்று அனுப்பி வைத்தாள். நாலு சிறிய சக்கரம், ஒரு இருக்கை, முன்னால் ஒரு கைப்பிடி, அதன் அடியில் சின்னக் கூடை. மடக்கினால் பெரிய சூட்கேஸ் அளவுக்கு ஆகிவிடும். கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் போகும், விட்டால் அந்த இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நிற்கும். அதை நான் வீட்டுக்குள்ளும் தெருமுனை மளிகைக் கடை வரைக்கும்தான் ஓட்டியிருந்தேன்.

"பிளேன்ல ஏத்திவிட ஆள் இருக்கும்மா. ஆனா கூடவே வர ஆள் இருக்காது. மொதல்ல நம்ம மாவட்டத்துக்குள்ளயே மூணு நாள் தனியாப் போயிட்டு வா. அப்புறமா வர்றியா இல்லையான்னு சொல்லு" என்றாள் போனில். நான் இல்லை என்றால் அவள் மாமியார் மீனாட்சி போவதாகப் பேச்சு. நல்ல மனுஷிதான், பாஸ்போர்ட்கூட எடுத்து வைத்திருந்தார். ஆனாலும் என் மகள் வலியில் கத்தும்போது பக்கத்தில் நான் இல்லாமல் வேறு யார் இருந்தாலும் என் வயிறு எரியும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நானும் வீம்பாக அவளிடம் ஒரு வார்த்தை விட்டேன். இந்த மூன்று நாளில் யாராவது ஒருவர் என்னைத் தூக்கும்படி ஆனால் சிங்கப்பூர் கிடையாது, உன் மாமியாரே போகட்டும் என்று. கையைப் பிடித்துக்கொள்ளலாம், தோளைக் கொடுக்கலாம். தூக்கக் கூடாது.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டேன். பால் ஊற்ற வந்த அம்மாள் என் சத்தம் கேட்டுத் தெருவைக் கூட்டினார். ஆம்பளைகள் நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுத்தார், இருவர் காலைப் பிடித்தார்கள், ஈரப் பாவாடையோடு என்னைத் தூக்கிக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். இன்றைக்கும் தெருவில் பார்த்தால் அக்கறையாக நலம் விசாரிப்பார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. விழுந்தால் வலிக்கும், அது எனக்குத் தெரியும். தூக்கினார்களே, அதை நினைத்தால் இப்போதும் நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடுகிறது.

ஆக, முதல் நாள் கீரனூரிலிருந்து புதுக்கோட்டை வழியாக ஆலங்குடியில் உள்ள தங்கச்சி சாந்தி வீடு. இரண்டாம் நாள் அங்கேயே ஆயுத பூசை. மூன்றாம் நாள் வல்லத்திராக்கோட்டையில் சம்பந்தி வீட்டுக்குப் போய், பிரசவத்துக்குப் போவது நானா அவரா என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி விஷயத்தைப் போனில் சொன்னால் மரியாதையில்லை. வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

கீரனூர் ஸ்டாப்பிங்கில் வண்டியை மடக்கி வைத்துவிட்டு, மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றேன். திருச்சியிலிருந்து வந்த பஸ் முழுக்கப் பூசைக்கு ஊர் திரும்புகிற கூட்டம். படிக்கட்டு என் தொடை உயரத்துக்கு இருந்தது. இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு வலது காலை வைத்தேன். இடது கால் தரையிலேயே நின்றுகொண்டது, வருவேனா என்றது. பின்னாலிருந்து ஒரு ஆள் "அட, புடிச்சு ஏத்துவோம்ப்பா" என்று கையை நீட்டினார். பக்கத்து டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அந்த மனிதர் பயந்துபோய்ப் பின்வாங்கினார். அந்தக் கோபத்திலேயே இடது காலும் மேலே வந்துவிட்டது.

கண்டக்டருக்கு வேறு கவலை. மடக்கி வைத்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதற்கு லக்கேஜ் போடுவதா, கைவண்டி என்று விடுவதா என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர், அது அந்தம்மாவுக்குக் கால், காலுக்கு யாராவது டிக்கெட் போடுவாங்களா என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் வளைவுகளில் அவர் ஓட்டிய ஓட்டத்தில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்கள் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். கவர்மெண்டில் கொடுத்ததா, லைசென்ஸ் வேண்டுமா, எவ்வளவு தூரம் போகும், என்ன விலை. ஒருவர் மட்டும்தான் எனக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் நான் வண்டி ஓட்டியது சில நிமிடம்தான் இருக்கும். என் ஆயுசில் பாதி அங்கேயே போய்விட்டது. பூசைக்கு முந்தின நாள். பொரி, அவல், பூசணிக்காய், வாழைக்கன்று என்று வழியெல்லாம் கடை. அதற்கு நடுவில் பஸ்கள் பின்பக்கமாகவே வருகின்றன. விசில் சத்தம் கேட்கிறது, எந்தப் பஸ்ஸுக்கு என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் என் தலை பஸ் சக்கரத்து உயரம்தான். ஒரு பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே என்னை நோக்கி வந்தது. பயத்தில் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வண்டி நின்றுவிட்டது. அழுத்த வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. யாரோ பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று தட்டினார்கள், பஸ் நின்றது.

தட்டியது ஒரு பொரிக் கடைக்காரி. "ஒசரமா எதையாச்சும் கட்டிக்கங்கக்கா. டிரைவர் கண்ணுக்கு நீங்க இருக்கிறதே தெரியாது" என்று சொல்லிவிட்டு, தன் கடையில் விற்ற வாழைக்கன்று ஒன்றை எடுத்து என் இருக்கைக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினாள். கொடி மாதிரி அது என் தலைக்கு மேலே ஆடியது. அதன் பிறகு பஸ்கள் ஒதுங்கின. எதிரே வந்தவர்களெல்லாம் வண்டிக்குப் பூசை போட்டாச்சா என்று கேட்டார்கள். ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த வாழைக்கன்று பின்னால் என்ன வினை வைக்கும் என்று அப்போது தெரியாது.

மதியம் ஒரு மெஸ் வாசலில் சாப்பாடு. உள்ளே போகப் படி இருந்ததால் வெளியிலேயே வண்டியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பரோட்டாவும் முட்டை மாஸும் தின்றேன். வெங்காயம் பொன்னிறமாக வதங்கி, முட்டை உதிர்ந்து, காரம் மூக்கில் ஏறியது. வீட்டில் ஒருத்திக்காக ரசம் வைத்துக் குடித்தே பழகிப்போன நாக்கு இது. போகிற வருகிறவர்கள் எல்லாம் என் தட்டைப் பார்த்தார்கள். காரத்துக்கும் தண்ணீர் குடிக்காமல் கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்தேன். பரிமாறியவர் நான் அழுகிறேன் என்று நினைத்து இன்னொரு பரோட்டா வைத்தார்.

ஆலங்குடியில் சாந்தி வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தாள். தங்கச்சி வீடு என்றாலும் புது இடம் புது இடம்தான். என் வீட்டில் இருட்டிலும் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். இங்கே கை நீட்டினால் வெறும் காற்று. சாந்தியின் வீட்டுக்காரர் கருப்பையா முந்திரியும் கடலையும் வாங்கி விற்கிறவர், வாய் நிறைய "மதினி, மதினி" என்று கூப்பிடுகிறவர். வண்டியின் பின்னால் ஆடிய வாழைக்கன்றைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே மதினி, பூசைக்குத் தயாராத்தான் வந்திருக்கீக" என்றார். நான் சிரித்து வைத்தேன். விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும், அலுப்பில் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வாசலில் டிராக்டர், இரண்டு பைக், மண்வெட்டி, அரிவாள், தராசு எல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டோடு நின்றன. கடைசியில் என் வண்டி. பளபளவென்று இருந்தது. மூன்று பட்டை விபூதி, செவ்வந்தி மாலை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம். இருக்கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"டிராக்டரக் கழுவுறப்பவே இதையும் கழுவிட்டேன் மதினி. பம்புசெட்டுத் தண்ணி, இண்டு இடுக்கு விடல" என்றார் கருப்பையா. முகமெல்லாம் பெருமை.

எங்கள் ஆட்களைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவாமல் பொட்டு வைப்பவன் இந்த மாவட்டத்தில் உண்டா? பேட்டரி வண்டி, தண்ணீர் ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சாந்தி சூடம் ஏற்றினாள், பூசணிக்காய் உடைத்தார்கள். டிராக்டர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் போனது. பைக்குகள் போயின. என் முறை வந்தது. சாந்தியின் தோளைப் பிடித்து நடந்து போய் ஈர இருக்கையில் உட்கார்ந்தேன். சாவியைத் திருகினேன். சின்ன விளக்கு இரண்டு முறை மின்னியது, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, அத்தோடு செத்துப்போனது. எலுமிச்சம்பழம் நாலும் முழுசாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேலைக்கு வந்திருந்த ஆட்களைப் பார்த்துக் கருப்பையா, ஆளுக்கொரு பக்கம் பிடிங்க, அப்படியே தூக்கிப் பழத்து மேல வைப்போம் என்றார். அத்தனை கைகளும் என் பக்கம் வந்தன. "வண்டி மேல கை வைக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. சாந்திக்கு மட்டும் புரிந்தது. எல்லோரையும் விலக்கிவிட்டு வந்து தோளைக் கொடுத்தாள்.

விஷயம் தெரிந்ததும் கருப்பையா பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. களத்தில் காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலையை ஒதுக்கி, நடுவில் என் வண்டியை வெயிலில் வைத்தார். பேட்டரியைக் கழற்றி, நனைந்த செல்போனுக்குச் செய்கிற வைத்தியம்தானே என்று சொல்லி அரிசி மூட்டைக்குள் புதைத்தார். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து களத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைக்குக் காவலாக ஒருத்தி காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள், கூடவே என் வண்டிக்கும். கொண்டைக்கடலைச் சுண்டலும் பாயசமும் வந்தன. அப்படியே ஆறிப்போயின.

அந்த நேரம் பார்த்துத் தேன்மொழி கூப்பிட்டாள். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். கும்மென்று ஓடுகிறது என்றேன். பொய் சொன்னால் எனக்கு வியர்க்கும். போனைப் பிடித்திருந்த கை நனைந்துவிட்டது.

சாயங்காலம் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகியபோது விளக்கு எரிந்தது. வாசலில் இரண்டு சுற்று சுற்றினேன். கருப்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை செத்துப் பிழைத்தது இன்னொரு தடவை எங்கே சாகும் என்று யாருக்குத் தெரியும்? கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் கெஞ்சியதை மட்டும் மறுத்துவிட்டேன். அவர் கூட வந்தால் அது தனியாகப் போனதாகாது.

மூன்றாம் நாள் வல்லத்திராக்கோட்டைக்குப் போன டவுன் பஸ்ஸின் முகப்பில் முந்தின நாள் மாலையும் வாழைக்கன்றும் வாடித் தொங்கின. நான் எதையும் பார்க்கவில்லை. கூடையில் இருந்த வெற்றிலை பாக்கையும் பழத்தையும் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வார்த்தையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். நான்தான் போகிறேன் சம்பந்தி. நீங்களே போங்கள் சம்பந்தி. இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவதுதான் சுலபமாக வந்தது.

சம்பந்தி வீடு ஸ்டாப்பிங்கிலிருந்து கூப்பிடு தூரம் என்று மாப்பிள்ளை எப்போதோ சொல்லியிருந்தார். எங்கள் ஆட்களின் கூப்பிடு தூரத்தை நம்பவே கூடாது. ஸ்டாப்பிங்கில் இறங்கி வண்டியை விரித்து, வாழைக்கன்றையும் பின்னால் கட்டச் சொல்லிக் கிளம்பினேன். ரோடு வளைந்து கண்மாய்க் கரையில் ஏறியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு, தடுப்புச் சுவர் கிடையாது. குண்டு குழியில் வண்டி தடதடத்தது. அந்தப் பக்கம் இறக்கம் தொடங்குகிற இடத்தில், ரோட்டுக்கு நடுவில், விளக்கு அணைந்தது. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது.

சாவியைத் திருகினேன். திரும்பத் திரும்பத் திருகினேன். ஒன்றுமில்லை.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நெம்புகோல் மாதிரி ஒரு சின்ன நெம்பி இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் சக்கரம் விடுபட்டுவிடும், ஆள் வைத்து உருட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தள்ளினால் பிரேக் இருக்காது. அந்த இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போனால் நேராகக் கருவேல முள்ளுக்குள்தான். இறங்கி நடக்கலாம் என்றால் பிடிக்கச் சுவர் இல்லை. தங்கச்சி வீட்டுக்குப் போன் அடித்தால் கருப்பையா பைக்கில் பறந்து வந்து முதல் வேலையாக என்னைத் தூக்குவார். சம்பந்திக்கு அடித்தால் நான் சொல்ல வந்த பதிலை இந்த வண்டியே சொல்லிவிடும். போனை எடுத்தேன், திரும்பப் பையில் வைத்தேன்.

பின்னால் ஹாரன் கேட்டது. மண் ஏற்றிய டிப்பர் லாரி. என்னால் திரும்பக்கூட முடியவில்லை, கையை மட்டும் உயரத் தூக்கினேன். வாழைக்கன்றைப் பார்த்துத்தான் டிரைவர் ஒதுக்கியிருப்பான். லாரியின் சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் போனது. புழுதி அடங்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை. முடிந்துவிட்டது, நான் போகவில்லை, மீனாட்சியே போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது. என் பிள்ளை பிறந்தபோது என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை சொரசொரப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தேன்மொழிக்கு அது வாய்க்காது.

அழுதுகொண்டிருந்தபோதுதான் சில பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கொல்லையில் கடலை பறித்துவிட்டுத் தலையில் கொடிக்கட்டோடு ஐந்தாறு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் பஞ்சவர்ணம், பெயர் பின்னால்தான் தெரிந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள். நான் அவள் கைகளைத்தான் பார்த்தேன். இதோ வருகிறது, அக்குளுக்குள் வரப்போகிறது என்று தோளை ஒடுக்கிக்கொண்டேன். அவள் கை இடுப்பிலேயே இருந்தது.

"எங்கிட்டுப் போகணும்க்கா?" என்றாள்.

சொன்னேன். வண்டி ஏன் நகரவில்லை என்று கேட்டாள். நெம்பியைப் பற்றியும், அதைத் தள்ளினால் பிரேக் போய்விடும் என்பதையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் இறக்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அவ்வளவுதானா? தேரையே முட்டுக்கட்டை போட்டு நிறுத்துறாக. இது என்ன ஒசரம்?" என்றாள்.

சும்மாட்டுத் துணிகளை முறுக்கி ஒன்றோடொன்று முடிந்து என் இருக்கைக்குப் பின்னால் கட்டினார்கள். மூன்று பேர் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார்கள். இருவர் கையில் கனமான கருவேலக் கட்டையோடு முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் குனிந்து வந்தார்கள். நெம்பியை நானேதான் தள்ளினேன். வண்டி விடுபட்டு முன்னால் பாய்ந்தபோது உயிர் போய்விட்டது. கட்டை விழுந்தது, வண்டி நின்றது. கட்டையை எடுப்பார்கள், ஓர் உருளல், மறுபடி கட்டை. ஒவ்வொரு உருளலுக்கும் நான் கண்ணை மூடினேன். திருவிழாக் காலத்துத் தேர் இறங்குகிற மாதிரி வாழைக்கன்று ஆட ஆட நான் அந்தக் கரையிலிருந்து இறங்கினேன். நடுவில் ஒருத்தி என் மடியில் ஒரு கை பச்சைக் கடலையைப் போட்டு, தின்னுங்க, படபடப்பு அடங்கும் என்றாள். மண்ணோடு தின்றேன். அப்புறம் அவள் தூக்குவாளியைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். மூன்று நாள் பயத்தையும் மறந்து மடமடவென்று குடித்துவிட்டேன்.

சம்பந்தி வீட்டு வாசலுக்குப் போவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வீடு உயரமான கட்டு. படிகள் செங்குத்தாக இருந்தன, பிடிக்கக் கம்பி இல்லை. மேலே மீனாட்சி, கை ஈரத்தை முந்தானையில் துடைத்தபடி திகைத்து நின்றார். சொந்தக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நகருங்க, நான் தூக்குறேன் என்று என்னிடம் வந்தார். அவர் கை என் அக்குளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்குக் கத்தவும் வரவில்லை. குளியலறை ஈரம் உடம்பெல்லாம் பரவின மாதிரி இருந்தது.

பஞ்சவர்ணம் குறுக்கே வந்து நின்றாள். "இருங்கண்ணே" என்றாள் அவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "எப்புடித் தூக்கணும்னு நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதில்லை, தெருவில் கேட்டதில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றால் வண்டி செத்துக் கிடக்கிறது.

"கை வச்ச கட்டை நாற்காலி ஒண்ணு கொண்டாங்க" என்றேன். "நானே அதுல மாறி உக்காந்துக்கிறேன். பொம்பளைங்க மட்டும் தூக்குங்க. என் மேல கை படக் கூடாது, நாற்காலியப் புடிங்க. நான் 'பைய'ன்னா மெதுவாத்தான் போகணும், 'நில்லு'ன்னா நிக்கணும்."

நாற்காலி வந்தது. பஞ்சவர்ணத்தின் தோளைப் பிடித்து மாறி உட்கார்ந்து, புடவையைக் காலுக்கடியில் செருகிக்கொண்டேன். நாலு பெண்கள் நாற்காலியைப் பிடித்தார்கள். பைய என்றேன். மேலே போனேன். நடுப்படியில் நாற்காலி சாய்ந்தது, நில்லு என்று கத்தினேன், நின்றார்கள். நேராக்கினார்கள். பைய என்றேன். பயத்தில் நாக்கு வறண்டுபோயிருந்தது, ஆனால் நான் கண்ணை மூடவில்லை. அப்படியே மீனாட்சியின் கூடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

காப்பி குடித்த பிறகு வண்டியை ஏற்றி வந்து பேட்டரியைக் கழற்றினோம். கம்பி சேருகிற பள்ளத்தில் ஒரு அரிசி உட்கார்ந்திருந்தது. கருப்பையாவின் வைத்தியம். மீனாட்சி தன் முந்தானை ஊக்கைக் கழற்றி அதைக் குத்தி எடுத்தார். சாவியைத் திருகினால் விளக்கு எரிந்தது. கரை மேலேயே நான் கழற்றிப் பார்த்திருக்கலாம், பார்க்கிற நிலையிலா இருந்தேன்? எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

வெற்றிலை பாக்கையும் பழத்தையும் தட்டில் எடுத்து வைத்து மீனாட்சியிடம் நீட்டினேன். "சம்பந்தி, பிரசவத்துக்கு நான்தான் போறேன்" என்றேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பேரப்பிள்ளையை முதலில் தூக்க அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. எழுந்து உள்ளே போனார். போனவர் துணி சுற்றிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் கூடையில் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியம், தன் கையால் கிண்டி வைத்தது. யார் போனாலும் இது போக வேண்டும் என்று நினைத்துக் கிண்டினாராம். அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்தே தேன்மொழிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான், யாராவது தூக்கினார்களா என்று.

"தூக்கினாங்கடி" என்றேன்.

"சரிம்மா. பரவாயில்ல. அத்தையவே வரச் சொல்லிடுறேன்" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

"நாந்தான் தூக்கச் சொன்னேன். நாந்தான் வாரேன்" என்றேன். பயம் அப்போதும் போகவில்லை. ஆகாயத்தில் பறக்க வேண்டும், அங்கே என்ன படி, என்ன இறக்கம் என்று தெரியாது. "ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. அங்கிட்டு உள்ள ஆளுங்களுக்குப் பைய, நில்லுன்னா புரியுமா?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. "அழுகாதடி, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. அதுக்கு அங்க என்ன சொல்லணும்னு எனக்குச் சொல்லிக்கொடு" என்றேன். அவள் சொல்லச் சொல்ல, பஞ்சவர்ணமும் மீனாட்சியும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு வார்த்தையையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.